புல்வெளிக்கு எவ்வளவு பாடுபடலாம்?

கேள்வி: வீட்டுக்கு முன்னால் ஏறக்குறைய 100 சதுர மீட்டரில் புல்வெளி வைத்திருக்கிறோம். மெல்லிய இலை, தரையோடு கொடியாக ஓடும் ரகம். போட்டு நான்கு வருடம் ஆகிறது. தினமும் மாலையில் இருபது நிமிடம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். கணவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மிஷினை ஆகக் குறைந்த உயரத்தில் வைத்து ஒட்ட வெட்டிவிடுவார். அப்படி வெட்டினால் அடுத்த முறை தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு. வெட்டிய புல்லை வாரி மூட்டை கட்டுவது, களை பிடுங்குவது, யூரியா தூவுவது என்று ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாள் அதிலேயே போய்விடுகிறது. இருந்தும் வெட்டியபின் ஒரு வாரம் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. கோரை வந்துகொண்டே இருக்கிறது. மரத்தடியில் எத்தனை முறை புல் பத்தை வைத்தாலும் தங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் புல்வெளியோ கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. பேசாமல் சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். செயற்கைப் புல் போடலாம் என்கிறான் மகன். மாமனார் மாலையில் நாற்காலி போட்டு உட்காருவதும், பிள்ளைகள் பந்து விளையாடுவதும் அங்கேதான். ஒரு புல்வெளிக்கு எவ்வளவு உழைப்பு போட்டால் நியாயம்? ஆள் வைத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு, புல் நன்றாக வளரும் பருவத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தால் போதும். வளர்ச்சி மந்தமாகும் பருவத்தில் அதுவும் தேவைப்படாது. நீங்கள் இப்போது போடும் உழைப்பு இதைவிடப் பல மடங்கு. அதில் பெரும்பகுதி புல் கேட்காத உழைப்பு. ஒரு வேலையைச் செய்யும் விதத்தால் அடுத்த வேலை முளைக்கிறது. அதைச் செய்யும் விதத்தால் மூன்றாவது முளைக்கிறது. ஒட்ட வெட்டுவதால் களை, களையால் பிடுங்கும் வேலை. புல்லை வாரிப் போடுவதால் சத்துக் குறைவு, அதனால் யூரியா, யூரியாவால் வேகமான வளர்ச்சி, மறுபடி வெட்டு. இந்தச் சுற்றை இரண்டு இடத்தில் அறுத்தால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. புல்வெளி எதற்கு என்று உங்கள் கடிதமே சொல்கிறது: பெரியவர் உட்கார, பிள்ளைகள் ஓட. இதற்குத் தேவை காலுக்கு மெத்தென்று, அடர்த்தியாக, மண் தெரியாமல் இருக்கும் புல். அங்கங்கே வேறு செடி கலந்திருந்தாலும், வெயில் காலத்தில் நிறம் மங்கினாலும் அந்தப் பயனுக்கு ஒரு குறையும் இல்லை. பலர் மனதில் இருக்கும் படம் கோல்ஃப் மைதானத்துடையது. அங்கே குழியைச் சுற்றியுள்ள புல்லைத் தினமும், சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு, அதற்கென்றே செய்த இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெசவு ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வழித்தெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்து முதல் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதற்கு முன் ஒட்ட வெட்டிய புல்தரை என்றால் அரிவாளோடு ஆட்களை நிறுத்தி வைக்கவோ ஆடுகளை மேய விடவோ முடிந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பெருவீட்டுத் தோற்றத்தை ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எட்டிப்பிடிக்க நினைப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நேரமும் மருந்தும் செலவழிக்கிறார் என்பதும் வேலிக்கு இப்பால் தெரியாது.

சரி, வெட்டுவதற்கு வருவோம். எதையாவது ஒன்றை மட்டும் மாற்றுவேன் என்று நீங்கள் சொன்னால், இதை மாற்றுங்கள் என்பேன்.

உங்கள் கணவரின் கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல வீடுகளில் இதே கணக்குதான். ஆனால் புல் அப்படி நடந்துகொள்வதில்லை. புல்லுக்கு இலைதான் சாப்பாடு தயாரிக்கும் இடம். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. மூன்று வாரத்தில் 8 சென்டிமீட்டர் வளர்ந்த புல்லை 2 சென்டிமீட்டருக்கு வெட்டினால், நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. வேர் வளர்ச்சி நின்றுவிடும். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புல் மறுபடி இலை விடும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் சேமிப்பு கரைந்து, வேர் மேலாகவே நின்று, புல் நலிந்துகொண்டே போகும். நீங்கள் பார்க்கும் வைக்கோல் நிறம் நோய் இல்லை. நீளமாக வளரவிட்ட புல்லில் பச்சை இலை மேல்பகுதியில்தான் இருக்கும். கீழே இருப்பது பழுப்பான தண்டு. மேலே இருப்பதை எடுத்துவிட்டால் தண்டு மட்டும்தான் கண்ணில் படும். இலை போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுகிறது. வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடக்கும் களை விதைகளுக்கு அதுதான் அழைப்பு.

உங்களுடையது மெல்லிய இலை, கொடியாக ஓடுவது என்பதால் அருகம்புல் வகையாகத்தான் இருக்க வேண்டும். அதை 4 சென்டிமீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். 6 சென்டிமீட்டரைத் தொட்டதும் 4-க்கு வெட்டுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: அகல இலையுள்ள பஃபலோ வகை என்றால் 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை, குளிர் பிரதேசத்து ஃபெஸ்க்யூ வகைக்கு 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கணவரிடம் காட்டுங்கள். விதியை மீறாமல் புல்லை 2 சென்டிமீட்டரில் வைத்திருக்க வேண்டுமானால், 3 ஆனவுடன் வெட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் மிஷினை எடுக்க வேண்டும். 4-இல் வைத்தால் 6 வரை விடலாம். இரண்டு சென்டிமீட்டர் வளரும் வரை நிம்மதி. உயரம் கூடக்கூட இரண்டு வெட்டுக்கு நடுவில் நாள் கூடும். அவர் விரும்பிய ஓய்வு உயரமாக வெட்டுவதில்தான் கிடைக்கும்.

வேகமாக வளரும் பருவத்தில் இது வாரத்துக்கு ஒரு வெட்டாக வரலாம். முன்னைவிட அடிக்கடி வெட்டுவது போலத் தோன்றும். ஆனால் நுனியை மட்டும் எடுக்கும்போது மிஷின் திணறாது, அடைக்காது, வாரவும் எதுவும் இருக்காது. 100 சதுர மீட்டரை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். வளர்ச்சி குறையும் மாதங்களில் நாட்காட்டியைப் பார்க்காமல் புல்லைப் பாருங்கள். 6 சென்டிமீட்டர் ஆகவில்லை என்றால் மிஷினை வெளியே எடுக்க வேண்டாம். எப்போதாவது ஊருக்குப் போய்வருவதற்குள் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டால், ஒரே வெட்டில் இறக்காமல் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று வெட்டாக இறக்குங்கள்.

வெட்டிய புல்லை வாராதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள். நுனித் துண்டுகளில் பெரும்பகுதி தண்ணீர்தான், சீக்கிரம் மக்கிவிடும். அதிலிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணுக்குத் திரும்பும். வருடத்துக்குப் புல் கேட்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதிலேயே கிடைத்துவிடும். இப்படி விட்டால் அடியில் கூளம் சேர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புல்லுக்கு அடியில் சேரும் நார்ப்படலம் செத்த தண்டும் வேரும் பின்னிக்கொள்வதால் வருவது. இலைத் துண்டால் வருவதில்லை. அதிக யூரியாதான் அதை வேகமாகச் சேர்க்கும். விரலால் பிரித்துப் பாருங்கள், அந்தப் படலம் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்தால் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பிளேடு மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி ஓரிரு நாளில் பழுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் முழுப் புல்வெளியும் சாம்பல் படிந்தாற்போல் தெரியும். உங்கள் அளவு இடத்துக்கு ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு முறை சாணை பிடித்தால் போதும். பிளேடில் கை வைக்கும் முன் மின்சார மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். மிஷின் ஓடும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஒரு சின்னக் கல் பிளேடில் பட்டுத் தெறித்தால் கண்ணே போகலாம்.

அடுத்தது தண்ணீர். தினமும் இருபது நிமிடம் நிற்கிறீர்கள். சாதாரண ஹோஸில் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால் 300 லிட்டர். 100 சதுர மீட்டரில் அது 3 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். நடுத்தர மண்ணில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஆழம் நனைக்கும். 3 மில்லிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் வேர் போகும். உங்கள் புல்லின் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒருநாள் தண்ணீர் தவறினால் வாடுகிறது, அதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயந்து தினமும் விடுகிறீர்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண் கோரைக்கு மிகவும் பிடித்த இடம்.

வாரக் கணக்கில் நீங்கள் விடும் மொத்தத் தண்ணீர் தவறில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஏழு நாளுக்கு 21 மில்லிமீட்டர் வருகிறது. புல் வளரும் பருவத்தில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அதே தண்ணீரை இரண்டு தவணையாகக் கொடுங்கள். ஒரு தவணைக்கு 12 மில்லிமீட்டர், அதாவது 1,200 லிட்டர். ஹோஸைக் கையில் பிடித்து நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கு அவசியமில்லை. ஒரு ஸ்பிரிங்க்ளர் வாங்கிப் பொருத்துங்கள். தட்டையான அடியுள்ள நாலைந்து டப்பாக்களைப் புல்லில் அங்கங்கே வைத்து, 12 மில்லிமீட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் நேரம் வைத்துத் திறந்து மூடுவதுதான் வேலை. ஒரு டப்பாவை நிரந்தரமாக வெளியே வைத்தால் மழையின் அளவும் தெரிந்துவிடும். களிமண் பூமி என்றால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வழியத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி கழித்து மீதியை விடுங்கள்.

நேரத்தையும் மாலையிலிருந்து அதிகாலைக்கு மாற்றுங்கள். மாலையில் நனைந்த இலை விடியும்வரை காயாது. பூஞ்சை பரவ அது போதும்.

நாளைக்கே ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். வேர் மேலாக இருக்கும் புல் தாங்காது. ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று மூன்று நான்கு வாரத்தில் நீட்டிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டியபடி. தண்ணீர் எப்போது தேவை என்பதைப் புல்லே காட்டும். நிறம் லேசாக நீலம் கலந்த சாம்பலுக்கு மாறும், இலை மடிந்துகொள்ளும், நடந்து போனால் காலடித் தடம் எழாமல் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து மறுநாள் காலை விட்டால் போதும்.

கடும் வறட்சியில், தண்ணீருக்கே தட்டுப்பாடு என்றால், புல்லைப் பழுக்க விடுங்கள். அருகம்புல் வகை செத்துவிடாது, உறங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் விட்டால் அடித்தண்டு உயிரோடு இருக்கும்; மழை வந்ததும் துளிர்க்கும். அந்தச் சமயத்தில் வெட்டவோ உரம் போடவோ கூடாது. குடிக்கவும் குளிக்கவும் நீர் குறையும் காலத்தில் புல்லின் நிறத்துக்காகத் தண்ணீர் செலவழிப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

யூரியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மேல் போடக் கூடாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. உங்கள் இடம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரு கிலோ என்று வரும். வெட்டிய புல்லை அப்படியே விட்டால், வளரும் பருவத்தில் இரண்டு முறை தாராளமாகப் போதும். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகும். பெருமழைக்கு முன் போட்டால் நிலத்தடி நீருக்கும் சாக்கடைக்கும்தான் போய்ச் சேரும். கூடுதலாகப் போடும் ஒவ்வொரு பிடியும் வெட்டும் வேலையைக் கூட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கோரைக்கு ஒரு வார்த்தை. மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு நின்றுவிடும். கிழங்கிலிருந்து மறுபடி வரும். மழை பெய்து மண் இளகிய மறுநாள் களைக்கொத்தியால் ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுப்பது ஒரு வழி. அதைவிட முக்கியம் மேல்மண்ணைக் காயவிடுவதும் புல்லை அடர்த்தியாக்குவதும். கோரை நிழலில் சோர்ந்துபோகும் செடி. உயரமாக நிற்கும் அடர்ந்த புல்லுக்கு நடுவில் அதன் வேகம் குறையும். முழுக்கப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன், குறையும். மற்ற களைகளில் முள் உள்ளதையும் விதை கட்டப்போவதையும் மட்டும் எடுங்கள். அடிக்கடி கொஞ்ச நேரம் குனிந்து எடுத்தால் போதும். குளோவர் மாதிரி மூவிலைச் செடி வந்தால் விட்டே விடலாம். காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து வைக்கும் செடி அது. 1940-களில் 2,4-டி போன்ற, புல்லை விட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் களைக்கொல்லிகள் வருவதற்கு முன் மேற்கு நாடுகளில் புல் விதையோடு அதையும் கலந்தே விதைத்தார்கள். பிள்ளைகள் வெறுங்காலில் புரளும் இடத்தில் களைக்கொல்லி அடிக்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

மரத்தடியை விட்டுவிடுங்கள். அருகம்புல் வகைக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலும் மரத்தின் வேரும் சேர்ந்த இடத்தில் அது பிழைக்காது, எத்தனை பத்தை வைத்தாலும் சரி. அங்கே யூரியாவும் போட்டிருந்தால், வெளிச்சமில்லாத புல் வலுவில்லாமல் நீண்டு இன்னும் சீக்கிரம் செத்திருக்கும். கிளை நிழல் விழும் வட்டத்தைப் புல்வெளிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். காய்ந்த இலை, மரப்பட்டை என்று கிடைப்பதை 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மரம் உதிர்க்கும் இலையை வாரும் வேலையும் அதோடு தீரும், அது அங்கேயே மூடாக்கு ஆகிவிடும். மாமனாரின் நாற்காலிக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. இதே பார்வையில் மற்ற மூலைகளையும் பாருங்கள். யாரும் கால் வைக்காத மதில் ஓரம், மிஷின் நுழையாத சந்து, இவற்றில் புதர்ச்செடியோ படரும் செடியோ வைத்துவிட்டால் 100 சதுர மீட்டர் 70 ஆகும். வேலையும் தண்ணீரும் அதே விகிதத்தில் குறையும். உழைப்பைக் குறைக்க இதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியாது.

சிமெண்ட் வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். மழைநீர் மண்ணில் இறங்காது. வெயிலை வாங்கி வைத்து இரவெல்லாம் வீட்டு முகப்புக்கு அனுப்பும். மரத்தின் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. சில வருடத்தில் மரமும் போகலாம். செயற்கைப் புல் பார்க்கப் பச்சை, ஆனால் நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிள்ளைகளின் கால் தாங்காது. உண்மையான புல் தன் இலையிலிருந்து நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் சுடாது. செயற்கைப் புல்லுக்கும் கழுவுவது, வாருவது என்று வேலை உண்டு. கிழிந்து நைந்தபின் மக்காத குப்பையாக மீதமாகும்.

கடைசியாகக் கேட்டது, ஆள் வைப்பது. வைக்கலாம், வெட்டுவதற்கு மட்டும். நேரம் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையைக் கொடுத்துவிடுவதில் தப்பே இல்லை. தண்ணீரையும் உரத்தையும் மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் புல்லைப் பார்க்கிறவருக்குத்தான் அது எப்போது கேட்கிறது என்று தெரியும். வருகிறவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். 4 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. வாரி எடுக்கக் கூடாது. வேறு வீட்டில் வெட்டிய மிஷின் என்றால் அடியில் ஒட்டியிருப்பதைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருக்கும் களை விதை இங்கே வந்துவிடும். மாதத்துக்கு இத்தனை முறை என்று ஒப்பந்தம் பேசாமல், நீங்கள் கூப்பிடும்போது வரும்படி பேசுங்கள். இல்லையென்றால் வளராத புல்லையும் கணக்குக்காக வெட்டிவிட்டுப் போவார். மழை பெய்து தரை சொதசொதவென்று இருக்கும் நாளில் அவர் வந்து நின்றால் தயங்காமல் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். அந்த ஈரத்தில் சக்கரம் போன தடமெல்லாம் மண் இறுகிவிடும், அதை இளக்குவது தனி வேலை.